ஆர்.சி. உங்கள் பெயரில், ஸ்டியரிங் டிரைவர் கையில்

முதல் லாரி எடுக்கிற தம்பிகள் டயரைப் பற்றிக் கேட்கிறார்கள், மைலேஜைப் பற்றிக் கேட்கிறார்கள், எந்த ஃபைனான்ஸில் வட்டி குறைவு என்று கேட்கிறார்கள். வனத்துறை வண்டியைப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மரக்கடத்தல் என்பது வேறு உலகம், நாம் இரும்பும் சிமெண்டும் காய்கறியும் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் என்கிற நினைப்பு. ஆனால் நாமக்கல், சேலம், சங்ககிரிப் பக்கத்து வண்டிகள் ஆந்திரத்து வனச்சரக அலுவலக வளாகங்களில் துருப்பிடித்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் சொந்தக்காரர்களில் பலர் செம்மரத்தைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள். டிரைவர் செய்த காரியத்துக்கு வண்டி போய்விட்டது. மாதத் தவணை மட்டும் போகாமல் வீட்டு வாசலில் நிற்கிறது.

இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். இதை வக்கீலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். வக்கீலிடம் போகவேண்டிய நாள் வந்தால் வெறுங்கையோடு போகாமல் இருக்க இது உதவட்டும்.

1. ஆள் மேல் நடக்கும் வழக்கு வேறு, வண்டி மேல் நடக்கும் நடவடிக்கை வேறு.

இதைத்தான் முதலில் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் மேல் குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும். வண்டியைப் பறிமுதல் செய்கிற அதிகாரம் அரசு நியமித்த வனத்துறை அதிகாரிக்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் 49-ஏ பிரிவு, கேரளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61-ஏ, கர்நாடகத்தில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71-ஏ, ஆந்திரத்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. எண்தான் மாறும், சாரம் ஒன்றுதான்.

“கேஸ் முடிந்து டிரைவருக்கு விடுதலை ஆகட்டும், வண்டி தானாக வந்துவிடும்” என்று காத்திருப்பவர்கள் உண்டு. வராது. இரண்டும் தனித்தனிப் பாதை என்று 1985இலேயே ஆந்திரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பறிமுதல் உத்தரவு வரலாம். உங்களைக் குற்றவாளியாகச் சேர்க்காமலே உங்கள் வண்டியை எடுத்துக்கொள்ளவும் முடியும். “என் மேல் கேஸ் இல்லையே” என்று நிம்மதியாக இருந்த ஒருவர், நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் விட்டு வண்டியை இழந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

2. “எனக்குத் தெரியாது” என்பது பாதி பதில்தான்.

பறிமுதல் செய்யும் முன் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கேதான் நமக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. உரிமையாளருக்கும், அவருடைய ஏஜெண்டுக்கும், வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாமல், அவர்கள் உடந்தை இல்லாமல் வண்டி பயன்படுத்தப்பட்டது என்று காட்ட வேண்டும். அதோடு நிற்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அப்படி நடக்காமல் இருக்கத் தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தார்கள் என்பதையும் காட்ட வேண்டும். காட்டுவது நம் பொறுப்பு. துறையின் பொறுப்பு அல்ல.

வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் யார்? டிரைவர்தான். அதாவது, தப்புச் செய்தவனுக்கே தெரியாமல் தப்பு நடந்தது என்று காட்டச் சொல்கிறது சட்டம் என்று பட்டால், உங்கள் வருத்தம் நியாயமானது. உரிமையாளருக்குத் தெரியாது என்று தீர்மானமான பிறகு வண்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று 1998இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் நின்றது. ஆனால் ஒவ்வொரு மாநிலச் சட்டத்தின் வாசகமும் வேறு, ஒவ்வொரு வழக்கின் சங்கதியும் வேறு. ஒரு தீர்ப்பை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

ஆகவே அதிகாரி முன்னால் நிற்கும்போது கேட்கப்படும் உண்மையான கேள்வி, “தெரியுமா?” என்பதல்ல. “தடுக்க நீ என்ன செய்து வைத்திருந்தாய், காட்டு” என்பதுதான். அந்தக் காகிதத்தை வண்டி பிடிபட்ட பிறகு தயாரிக்க முடியாது. தயாரித்தால் பொய் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒன்றும் நடக்காத சாதாரண நாட்களில் நீங்கள் எழுதி வைத்ததுதான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

3. ரிட்டர்ன் லோடில் கண் வையுங்கள்.

இங்கிருந்து போகிற லோடு தெரிந்த புக்கிங் ஆபீஸில் ஏறுகிறது. ஏற்றுகிற பார்ட்டி தெரியும், இறக்குகிற பார்ட்டி தெரியும். இறக்கிய பிறகுதான் சங்கடம். காலியாகத் திரும்பினால் டீசல் காசு கைவிட்டுப் போகும். இரண்டு நாள் காத்துக் கிடந்தால் பேட்டா ஏறிக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒருவன் டிரைவர் பக்கத்தில் வந்து உட்காருவான். தமிழ் பேசுவான், ஊரைக் கேட்பான், டீக்குக் காசு கொடுப்பான்.

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலைக் குன்றுகள். கடப்பா, ராஜம்பேட்டை, ரேணிகுண்டா, திருப்பதி, மதனப்பள்ளி எல்லாம் அந்தக் குன்றுகளை ஒட்டியும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் ஊர்கள். நம் வண்டிகள் தினமும் ஓடுகிற பாதை. கடத்துகிறவனுக்குச் சொந்த வண்டி தேவையில்லை. சுத்தமான ஆர்.சி.யும், நியாயமான பில்லும், மேலே போட ஒரு லோடும் உள்ள உங்கள் வண்டிதான் அவனுக்கு வேண்டும்.

மதனப்பள்ளித் தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 25 கிலோ, 400 பெட்டி ஏற்றினோம் என்று டிரைவர் போனில் சொல்கிறார். 10 டன் ஆயிற்று. எடைமேடைச் சீட்டை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காலி வண்டி எடையைக் கழித்தால் பதினொன்றரை வருகிறதா? அந்த ஒன்றரை டன் எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேளுங்கள், வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அல்ல. செம்மரத்தைப் பட்டையும் வெள்ளைப் பாகமும் போகச் செதுக்கி, வைரத்தை மட்டும்தான் ஏற்றுவார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற மரம் அது. பெட்டிகளுக்கு அடியில் ஒரே வரிசை பரப்பினாலும் எடையில் காட்டிக் கொடுத்துவிடும். பார்க்கிறவர் பார்த்தால்தான்.

லோடு ஏறும் இடத்திலிருந்து நான்கு போட்டோ வாங்குங்கள்: காலி பாடி, பாதி ஏறிய பாடி, தார்ப்பாய் போட்ட பிறகு, எடைச்சீட்டு. டிரைவர் முனகுவார். முனகட்டும். அந்த நான்கு படங்களைவிட மலிவான இன்சூரன்ஸ் கிடையாது. நிஜ இன்சூரன்ஸோ, அரசு பறிமுதல் செய்த வண்டிக்கு ஒரு பைசா தராது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மலைக் கிராமத்துக் கூலிக்காரர்கள். மரம் வெட்டப் போனவன் உயிரைக் கொடுக்கிறான், ஏற்றி வந்தவன் ஜெயிலுக்குப் போகிறான், வண்டிக்காரன் சொத்தைக் கொடுக்கிறான். பணம் பார்க்கிறவன் இந்த மூன்றிலும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நம் வண்டியின் சக்கரம் உருளக் கூடாது என்பது வெறும் சட்டத்துக்குப் பயந்து சொல்கிற பேச்சு அல்ல.

4. பேட்டாவைக் கணக்குப் பார்த்துக் குறைக்காதீர்கள்.

முன்னெச்சரிக்கை என்றதும் எல்லோரும் ஜிபிஎஸ் என்கிறார்கள். நான் பேட்டா என்கிறேன். சாப்பாட்டுக்கும் குளிக்கவும் போதாத பேட்டாவைக் கொடுத்து, சம்பளத்தை மூன்று மாதம் பிடித்து வைத்து, டயர் வெடித்ததற்கும் அவரிடமே கழித்துக்கொண்டு, பிறகு அவர் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஓனர்கள் நம்மில் இருக்கிறார்கள். டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் பேச்சு யார் காதில் ஏறும்? மகள் பள்ளிக் கட்டணத்துக்கு ஓனரிடம் முன்பணம் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கியவர் காதில்தான்.

வண்டி வந்து நின்றவுடன் அந்த டிரிப் கணக்கை முடியுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். அவர் உங்களிடம் வேலை செய்கிறவர், ஒழுங்காகச் சம்பளம் வாங்குகிறவர் என்பதற்கு அதுவே சாட்சி. “சைடு லோடு” என்கிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். இரண்டு மூட்டை, ஒரு பைக், யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான் என்று டிரைவர் தன் பாக்கெட்டுக்கு ஏற்றிக்கொள்வதை, பேட்டாவில் மிச்சம் என்று கண்டும் காணாமல் விடுகிற ஓனர்தான் கதவைத் திறந்து வைக்கிறார். இன்றைக்கு மூட்டை, நாளைக்குக் கட்டை. விசாரணையில் “சின்னச் சின்ன லோடு ஓனருக்குத் தெரியும்” என்று டிரைவர் ஒரே ஒரு வரி வாக்குமூலம் கொடுத்தால், உங்கள் தரப்பு அங்கேயே சாய்ந்துவிடும்.

5. ஆக்டிங் டிரைவர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

நீங்கள் பார்த்துச் சேர்த்த டிரைவர் நல்லவராகவே இருப்பார். அவருக்குக் காய்ச்சல், கல்யாணம், சாவு என்று வந்தால் ஸ்டியரிங்கை வழியில் யாரிடமாவது கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். அந்த ‘யாரோ’வின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. சட்டத்தின் கண்ணில் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர் அவர்தான். உங்களுக்குப் போன் பண்ணாமல், லைசென்ஸ் போட்டோ அனுப்பாமல் வேறு கை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. வண்டி ஒரு நாள் நின்றாலும் பரவாயில்லை.

புதிதாகச் சேர்க்கும் டிரைவரின் லைசென்ஸைப் பரிவாகன் தளத்தில் சரிபாருங்கள். முந்தைய ஓனரிடம் பேசுங்கள். ஊரில் வீடு எது என்று ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். போனால் குடும்பத்தையும் தெரிந்துகொள்வீர்கள், அதுவும் நல்லதுதான்.

6. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வக்கீல் நடை வேண்டாம். டிரைவருக்குப் புரிகிற தமிழில், இப்படி:

“புக்கிங் ஆபீஸில் பில்டி போட்ட சரக்கைத் தவிர வேறு எதையும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓனரிடம் கேட்காமல் ஏற்றமாட்டேன். மரம், கட்டை, கரி, மூங்கில், காட்டில் விளைந்த எந்தப் பொருளாக இருந்தாலும் வனத்துறை பர்மிட்டைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, அவர் சரி என்று சொன்ன பிறகே ஏற்றுவேன். பர்மிட்டில் எழுதிய பாதையை விட்டு விலகமாட்டேன். ஏற்றுகிற இடத்தில் நானே நின்று பார்ப்பேன். சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்காமல் ஓனருக்குச் சொல்வேன். அப்படிச் சொன்னதற்காக எனக்குச் சம்பளமோ பேட்டாவோ குறையாது என்று ஓனர் ஒப்புக்கொள்கிறார்.”

கடைசி வரிதான் உயிர். அது இல்லாவிட்டால் இது ஓனர் தன்னைக் காத்துக்கொள்ள வாங்கிய காகிதம். அது இருந்தால் இருவருக்குமான ஒப்பந்தம். இரண்டு பிரதி எடுங்கள், இருவரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள், ஒன்று கேபினில் இருக்கட்டும். வருஷம் பிறந்தால் புதிதாக எழுதுங்கள். படித்துக் காட்டி எழுதுங்கள்.

7. ஈ-வே பில் வேறு, வனத்துறை பர்மிட் வேறு.

இந்தக் குழப்பத்தில் மாட்டுகிறவர்கள் நல்லவர்கள்தான், அதனால் சற்று விவரமாகச் சொல்கிறேன். ஜிஎஸ்டி பில்லும் ஈ-வே பில்லும் வரி சம்பந்தப்பட்ட காகிதம். மரம் எங்கிருந்து வந்தது, வெட்ட அனுமதி இருந்ததா என்று அவை சொல்லாது. சொல்வது வனத்துறை தரும் போக்குவரத்து அனுமதிச் சீட்டு. தமிழ்நாட்டில் இதற்கென்று 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. பட்டா நிலத்து மரம் என்பதால் மட்டும் சும்மா ஏற்றிவிட முடியாது. சந்தன மரம் சொந்தத் தோட்டத்திலேயே வளர்ந்திருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது.

சில மரங்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று விலக்கு உண்டு. அந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே விலக்கு உள்ள மரம் எல்லை தாண்டினால் விலக்கில் இல்லாமல் போகலாம். ஏற்றுகிற ஊரின் வன அலுவலகத்தில் ஒரு போன் பண்ணிக் கேட்டுக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல.

சீட்டை வாங்கிப் பையில் வைப்பதோடு விடக் கூடாது. வண்டி எண் உங்கள் வண்டியுடையதா, கட்டைகள் எத்தனை, அளவு என்ன, எந்தத் தேதி எந்த மணி வரை செல்லும், எந்தப் பாதை என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். கட்டையின் தலையில் வனத்துறை முத்திரை அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்று கூடினாலும் ஏற்றாதீர்கள். வண்டி வழியில் பஞ்சராகிச் சீட்டின் நேரம் தாண்டிவிட்டால், ஓட்டிக்கொண்டே வராமல் பக்கத்து வனச்சரக அலுவலகத்திலோ செக்போஸ்ட்டிலோ நிறுத்தித் தகவல் எழுதிக் கொடுங்கள். 2023 கடைசியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியப் போக்குவரத்துச் சீட்டு முறையில் க்யூஆர் கோடு உண்டு. அதை ஸ்கேன் செய்து பார்க்க டிரைவருக்குச் சொல்லிக் கொடுங்கள். பழைய சீட்டில் தேதியைத் திருத்தித் தருகிற கூட்டத்துக்கு அதுதான் எதிரி.

வனப்பொருள் என்றால் மரம் மட்டும் அல்ல. காட்டிலிருந்து வந்தால் கரியும், கல்லும், மண்ணும்கூட அதில் சேரும். ஜல்லி, கிராவல் அடிக்கிற டிப்பர் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். காட்டுக்கு வெளியே எடுத்த மணல், கல்லுக்குக் கனிமச் சட்டம் தனியாக இருக்கிறது, அதிலும் வண்டியைப் பறிமுதல் செய்ய இடம் உண்டு.

8. ஜிபிஎஸ் மாட்டினால் போதாது, பார்க்கவும் வேண்டும்.

நள்ளிரவில் மலையோரச் சாலையில் ஒன்றரை மணி நேரம் வண்டி நின்றதை உங்கள் போனே உங்களுக்குக் காட்டியிருக்கும். காலையில் அதைப் பார்த்தும் கேட்காமல் விட்டால், அந்தப் பதிவு உங்களுக்கு எதிரான சாட்சி. உடனே கேட்டு, டிரைவர் சொன்ன காரணத்தை டிரிப் நோட்டில் எழுதி வைத்தால் உங்களுக்குச் சாதகம். மாதா மாதம் பதிவுகளைத் தனியாக இறக்கிச் சேமியுங்கள். கம்பெனிக்காரர்கள் எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் இதைக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் சேர வேண்டும். வக்கீலுக்குத் தெரியும், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

9. பாடியைத் தட்டிப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கினால் கேபின் கூரை, சீட்டுக்குப் பின்புறம், டூல் பாக்ஸ், பாடித் தரை எல்லாவற்றையும் நம்பிக்கையான பட்டறையில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரகசிய அறை உள்ள வண்டியில் ஒரு கட்டை பிடிபட்டாலும் ‘தெரியாது’ என்கிற சொல்லுக்கு மதிப்பில்லை.

10. விற்ற வண்டியின் ஆர்.சி.யை உங்கள் பெயரில் விட்டுவைக்காதீர்கள்.

நண்பனுக்கு வாய்வார்த்தையில் கொடுத்தேன், மாத வாடகைக்கு விட்டேன், விற்றுவிட்டேன் பெயர் மாற்றவில்லை என்று வருகிற கதைகள் ஏராளம். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில், கைமாறிக் கைமாறிப் போன வண்டிக்கும் பெயர் மாற்றாத பழைய ஓனரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன வழக்கில் வனத்துறை முதலில் தேடிவரும் வீடும் அதுவேதான். படிவம் 29, 30 இரண்டும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்த ரசீது கையில் வந்த பிறகுதான் சாவியைக் கொடுங்கள்.

11. போன் வந்தால்.

“வண்டியை ஃபாரஸ்ட் பிடித்துவிட்டது” என்று போன் வரும், பெரும்பாலும் இரவில். போனை அணைத்துவிட்டு ஒளிவது முதல் தவறு. இரண்டாவது தவறு இன்னும் பெரியது: “முந்தா நாளே வண்டி திருட்டுப் போனதாகப் புகார் கொடுத்துவிடு” என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஃபாஸ்டாக், போன் டவர், ஜிபிஎஸ் மூன்றும் அந்தப் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது, “ரேஞ்சரை எனக்குத் தெரியும், இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்று வருகிறவன். அவனை வாசலோடு அனுப்புங்கள்.

எந்தச் சரகம், என்ன குற்ற எண், பிடித்தபோது போட்ட மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு நகல் வாங்குங்கள். அன்றோ மறுநாளோ உங்கள் பக்கத்து விவரத்தை எழுதி, பில்டி, ஈ-வே பில், எடைச்சீட்டு, டிரைவரோடு போட்ட ஒப்பந்தம், போட்டோக்கள் எல்லாவற்றின் நகலோடு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நேரில் விசாரிக்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பறிமுதல் உத்தரவு வந்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் என்று கணக்கு வையுங்கள். 30ஆவது நாள் வரை வக்கீலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

12. வண்டியை இடையில் வெளியே எடுப்பது.

பிடிபட்ட வண்டிகளைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மக்க விடக் கூடாது என்று 2002இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். வன வழக்குக்கு அது அப்படியே பொருந்தாது. 2000ஆம் ஆண்டில் கர்நாடக வழக்கு ஒன்றில், வனக் குற்றத்தில் சிக்கிய வண்டியைச் சாதாரணமாக விடக் கூடாது, விட்டே ஆக வேண்டுமென்றால் குறைந்தபட்சம் வங்கி உத்தரவாதம் வாங்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பறிமுதல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டால் மாதங்கள்தான் வீணாகும். முதலில் எந்த அதிகாரியிடம் நடவடிக்கை இருக்கிறதோ அவரிடமே இடைக்கால விடுவிப்பு கேளுங்கள். மறுத்தால் உயர் நீதிமன்றம். ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். தவணையை நிறுத்தினால் வண்டி இரண்டு பக்கமும் இழுபடும்.

வெயிலிலும் மழையிலும் நிற்கிற வண்டிக்கு முதலில் பேட்டரி போகும், பிறகு டயர், பிறகு வயரிங். எலி புகுந்தால் கேட்கவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஜெயித்தாலும் ஓட்டுகிற நிலையில் இருக்காது. மனுவில் இதை எழுதுங்கள், வண்டியின் அன்றைய நிலையைப் போட்டோவோடு.

13. டிரைவரைக் கைகழுவாதீர்கள்.

“அவன் என் டிரைவரே இல்லை” என்று சொல்லச் சொல்லி யோசனை வரும். உங்கள் வங்கிக் கணக்கே உங்களைப் பொய்யாக்கும், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சட்டத்திலேயே இருக்கிறது. வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாது, அவரும் எச்சரிக்கையாகத்தான் இருந்தார் என்று காட்ட வேண்டியது நீங்கள்தான் என்று மேலே சொன்னேன். பல டிரைவர்கள் நிஜமாகவே ஏமாற்றப்பட்டவர்கள்: மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பில்லை நம்பி ஏற்றியவர்கள். அப்படிப்பட்டவரின் குற்றமின்மைதான் உங்கள் வண்டியின் பாதுகாப்பு. அவரை விட்டுவிட்டால் உங்கள் தரப்பையே விட்டுவிட்டீர்கள்.

அவருக்குத் தனி வக்கீல் வையுங்கள். உங்கள் வக்கீலே அவருக்கும் வேண்டாம். இருவர் நலமும் எந்த இடத்தில் பிரியும் என்று சொல்ல முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள், நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். வேற்று மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே எல்லா டிரைவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அவர் உள்ளே இருக்கும் வரை வீட்டுக்கு அரிசியும் பள்ளிக் கட்டணமும் போகட்டும். தெரிந்தே செய்தார் என்று தெளிவாகத் தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்துங்கள். அப்போதும் அந்த வீட்டுக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

14. வண்டி திரும்பக் கிடைக்கும் நாளில்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, ஒரு பேட்டரியையும் மகஜர் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ஜின் எண், சேஸிஸ் எண், டயர் எண்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, மியூசிக் சிஸ்டம் என்று ஒவ்வொன்றாக மகஜரோடு ஒத்துப் பாருங்கள். இல்லாததை ஒப்புகையில் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். நின்றிருந்த காலத்தில் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் முடிந்திருக்கும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், மீட்பு வண்டியில் கட்டி இழுத்து வாருங்கள். இடைக்கால உத்தரவில் வந்த வண்டி என்றால் விற்கக் கூடாது, நிறமோ பாடியோ மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அந்த உத்தரவின் நகல் ஒன்றைக் கேபினில் ஆர்.சி.யோடு வையுங்கள், இன்னொன்றைப் புக்கிங் பார்க்கிற பையனிடம் கொடுங்கள். அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அந்த வண்டிக்கு வெளிமாநில லோடு போட வேண்டும்.